பின்னால் நின்றவர்கள்



டோனாவூர் என்றதும் எமி கார்மைக்கேல் அம்மையார் நினைவுக்கு வருவார். இன்று நான் சொல்ல வந்தது அவருக்குப் பின்னால் நின்ற ஒரு தம்பதியைப் பற்றி.

தாமஸ் வாக்கர் 1885-இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி. திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தவர், நல்ல தமிழ் அறிந்தவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1895 இறுதியில், அயர்லாந்தில் பிறந்த எமி பெங்களூர் வந்து இறங்கினார். வயது 27. தமிழ் படிக்க வேண்டும், ஆனால் சுற்றிலும் ஆங்கிலம். அடுத்த ஆண்டே வாக்கர் தம்பதி அவரை நெல்லைப் பக்கம் அழைத்துக்கொண்டு, தங்கள் வீட்டில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். வாக்கர் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

1901-இல் பண்ணைவிளையில், கோயிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பித்து எமியிடம் வந்து சேர்ந்தாள். டோனாவூர்க் குழந்தைகள் இல்லத்துக்கு அதுதான் வித்து. அப்போதும் பக்கத்தில் இருந்தவர்கள் வாக்கர் தம்பதியே. 1912 ஆகஸ்டில் வாக்கர் மசூலிப்பட்டினத்தில் காலமானார். அவர் மனைவி அப்போது இங்கிலாந்தில். எமி அதன் பிறகும் 38 ஆண்டுகளுக்கு மேல், 1951-இல் மறையும் வரை, சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே உழைத்தார். தன் வழிகாட்டியின் வரலாற்றையும் எழுதினார்.

நான் படித்தவற்றில் பெரும்பாலும் வாக்கரின் மனைவி 'திருமதி வாக்கர்' மட்டும்தான். அந்த வீடு இல்லாமல் அந்த இளம்பெண் அத்தனை ஆண்டுகள் நிலைத்திருப்பாரா என்று யோசிப்பேன்.

நம் ஊருக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில், திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு. 15 படுக்கை உள்ள ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியரோடு நிற்காமல், மூலிகை கொண்டுவருபவர், மருந்து பார்க்கும் பெண்கள் என்று எல்லோருக்கும் இவ்வளவு நெல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பின்னால் நிற்பவர்களையும் கணக்கில் சேர்த்த கல் அது.

இப்போது எங்கள் வீட்டுச் செய்தி. என் மாணவி ஒருத்தி ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கிறாள். போன புதிதில் ஒரு ராத்திரி, "மொழி ஏறவே மாட்டேங்குது சார், வந்துடறேன்" என்று போனில் அழுதாள். நான் அறிவுரைக்கு வாய் திறக்குமுன் என் மனைவி போனை வாங்கி, "முதல்ல சாப்பிட்டியாம்மா?" என்றார். சாப்பிடவில்லை. சாதம் வடித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை வீடியோவில் பேசிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து தினம் பத்து வார்த்தை. அவள் எனக்கு ஒப்பிக்க வேண்டும். நானும் நோட்டில் எழுதிப் படிக்கிறேன். 66 வயதில் எனக்கும் உச்சரிப்பு வரவில்லை என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு! அடுத்த மாதம் மொழித் தேர்வு. தேறுவாளா, தெரியாது. தனியாகப் படிக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற தோழர்களே, நமக்கு இனி என்ன வேலை என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளைகளில், மாணவர்களில், தூரத்தில் தனியாக இருப்பவர் யார் என்று பாருங்கள். இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அறிவுரை அப்புறம்.

நலமே விளைக.

– உங்கள் பழைய வாத்தியார், பழையசீவரம்