அவர் உனக்கு என்ன வேண்டும்?

'கெட்டும் பட்டணம் சேர்' என்ற பழமொழியைக் கைப்பிடித்துப் பட்டணம் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, கூடிப் பேசச் சங்கமும் கிடைத்தது. விட்டுவந்த ஊரை மட்டும் அவரவர் தமக்குத் தெரிந்த வகையில் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சிறுகதையில் கட்டுகிறார்; மற்றொருவர் மார்கழிக் கோலத்தில் கட்டுகிறார். கணினித் திரையிலும் ஓர் ஊரைக் கட்டலாம் என்பதை என் பேத்தியிடமிருந்து அறிந்துகொண்டேன்.

ஊர்வாழ்வையே பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. ஆடுகிறவர் ஒரு சிற்றூரில் குடியேறுவார், பயிர் வைப்பார், அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகுவார். பகைவனை வெல்வதைவிட அயலாரின் மனத்தைப் பெறுவதே அங்கே பெருங்காரியம். இவ்வகையின் பிறப்பை ஆராய்ந்தால் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தோரே எதிர்ப்படுகின்றனர். ஜப்பானின் மியாசாகிப் பகுதியில் வளர்ந்து தோக்கியோவுக்குப் பிழைப்புத் தேடி வந்த யசுஹிரோ வாடா என்பவர், தாம் விட்டுவந்த நாட்டுப்புறத்தின் நினைவிலிருந்து ஓர் உழவு விளையாட்டை 1996-இல் ஆக்கினார். மேலைநாடுகளில் அது 'ஹார்வெஸ்ட் மூன்' எனப்பட்டது. சிபாவிலிருந்து கியோத்தோவுக்கு வேலைக்கு வந்த கத்சுயா எகுச்சி, குடும்பத்தாரும் நண்பரும் அருகில் இல்லாத வெறுமையை உணர்ந்தார். 2001-இல் வெளிவந்த 'அனிமல் கிராசிங்' அவ்வெறுமையில் முளைத்ததே.

மூன்றாமவர் அமெரிக்காவில் சியாட்டில் பகுதியைச் சேர்ந்த எரிக் பரோன். 2011-இல் கணினியியல் பட்டம் பெற்றும் தக்க வேலை அமையாததால், கைப்பழக்கத்துக்கென்று ஒரு விளையாட்டை ஆக்கத் தொடங்கினார். அது நாலரை ஆண்டுக்கால உழைப்பாயிற்று. நிரல், ஓவியம், இசை, பாத்திரங்களின் பேச்சு யாவும் அவர் ஒருவரின் ஆக்கம். செலவுக்காக ஓர் அரங்கில், வருவோர்க்கு இருக்கை காட்டும் பணியையும் பார்த்தார். 2016 பிப்ரவரி 26-இல் 'ஸ்டார்டியூ வேலி' என்ற பெயரில் அவ்விளையாட்டு வெளிவந்தது. 2024 முடிவதற்குள் நான்கு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன. அலுவலக மேசையில் சலித்துப்போன ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற கடிதத்தைப் பிரித்துப் படித்து அவருடைய பண்ணைக்குத் திரும்புவதே அதன் தொடக்கம். பட்டணம் சேர்ந்தவன் ஊர் சேரும் கதை.

அங்கே ஊரார் ஒவ்வொருவரிடமும் நமக்கு ஒரு நட்புக் கணக்கு உண்டு. ஒருநாள் பேசினால் 20 புள்ளி. உள்ளம் உவக்கும் பொருளைப் பரிசளித்தால் 80. புள்ளி 250 சேர்ந்தால் ஓர் இதயம் நிறையும். பேசாதிருந்தாலோ நாளுக்கு 2 புள்ளி குறைந்துவிடும். ஊருக்குக் கடிதம் எழுதுவதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்ட எவரும் அந்த இரண்டு புள்ளியின் உண்மையை அறிவர்.

இதனை ஆடி வளர்ந்த என் பேத்தி மும்பையில் பிறந்தவள். தாமிரபரணிக் கரையில் ஒரு தெருவை அமைத்து, தானும் ஒரு சிறு விளையாட்டை இரண்டாண்டாக ஆக்கிவருகிறாள். பகலில் அலுவலகம், இரவில் அந்தத் தெரு. அத்தெருவில் வாழும் பன்னிருவருக்கும் பேச்சு எழுதும் பணியை என்னிடம் தந்தாள்.

எழுதுவதற்கு ஒரு பட்டியலும் தந்தாள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள்: பேசுபவர் யார், கேட்பவர் யார், இடம் எது, பொழுது எது. பரோனின் விளையாட்டிலும் இவ்வாறே பருவத்துக்கும் கிழமைக்கும் மழைக்கும் பழக்கத்தின் அளவுக்கும் ஏற்பப் பேச்சு மாறும் என்று விளக்கினாள். எனக்கு வியப்பாயிருந்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிச் சொல்லும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்ற நான்கும் இவை அல்லவா? இதைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, கட்டங்களின் ஆங்கிலத் தலைப்புகளை அழித்து அந்த நான்கு சொற்களையும் எழுதி வைத்தாள்.

ஆயினும் முதல் வரியிலேயே தடை ஏற்பட்டது. ஆங்கிலத்தில் வணக்கச் சொல்லை எழுதி, பெயருக்கு ஓர் இடம் விட்டால் போதும், எவர்க்கும் பொருந்தும். நம் தெருவில் யார் யாரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள்? 'வா' என்பதா, 'வாங்க' என்பதா என்பதைக்கூட உறவு தெரியாமல் எழுத இயலாது.

"முதலில் அவர் உனக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொள்" என்றேன்.

"எனக்கு அவர்கிட்டேருந்து ஒண்ணும் வேண்டாமே, தாத்தா" என்றாள்.

சிரிப்பு வந்தது, அடுத்த கணமே அது அடங்கியது. மாமா, அத்தை, சித்தி என்ற சொற்களின் இடத்தை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்ற இரண்டே சொற்கள் பிடித்துக்கொண்ட அடுக்குமாடியில் வளர்ந்தவளுக்கு இந்த வழக்கு எப்படித் தெரியும்? உறவைக் கேட்கவும் தேவையைக் கேட்கவும் தமிழில் ஒரே சொல்தான் என்று விளக்கினேன். கடைக்காரர் அண்ணாச்சி, எதிர்வீட்டுப் பெண் மதினி, திண்ணையில் இருக்கும் முதியவள் ஆச்சி. பழகிய பிறகு வந்த உறவு அன்று இது. வாசலில் கால் வைக்கும்போதே காத்திருந்த உறவு.

அன்றிரவே அவள் கணக்கை மாற்றிவிட்டாள். அவளுடைய தெருவில் எவரும் சுழியிலிருந்து தொடங்குவதில்லை. தாத்தா விட்டுச்சென்ற உறவுக் கணக்கே பேரனுக்கும் பேத்திக்கும் வந்து சேரும். அவர் அன்பாயிருந்த வீட்டில் முதல் நாளே பலகாரம் கிடைக்கும். வாய்க்கால் தகராறில் அவர் பேச்சை முறித்துக்கொண்ட வீட்டிலோ கணக்கு சுழிக்கும் கீழே நிற்கும்.

இவ்வளவும் இனிமையானது. இனிமை அல்லாத ஒன்றும் எழுத்தில் வந்து நின்றது. அந்தத் தெருவுக்குத் துணி வெளுக்க வந்த முதியவருக்கு வயது எழுபது இருக்கும். பத்து வயதுச் சிறுவனும் அவரைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்றே அழைப்பான். எங்கள் பக்கத்தில் அதுவே அன்றைய வழக்கம். எல்லாரையும் உறவாக்கிய அந்தத் தெரு அவருக்கு மட்டும் ஒரு சொல்லைத் தரவில்லை. வழக்கம் எப்படியோ அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

பேத்தி அந்த வரிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தான் புதிதாகக் கற்ற வழக்கிலேயே கேட்டாள்: "இவர் மட்டும் நமக்கு ஒண்ணும் வேண்டாமா, தாத்தா?"

அந்த வரிகளை அவள் நீக்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் மற்றொரு வரியை அமைத்தாள். ஆடுகிறவர் அம்முதியவரை ஊர் வழக்கப்படி பெயர் சொல்லியும் அழைக்கலாம்; 'தாத்தா' என்றும் அழைக்கலாம். பெயர் சொன்னால் அவர் நாள்தோறும் ஒரே விடையைச் சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். 'தாத்தா' என்றால் முதல் நாள் ஒன்றும் பேசாமல் நின்று பார்ப்பார். நான்காம் நாள், ஆற்றில் வெள்ளம் வந்த இரவில் படித்துறை மூழ்கிய கதையைச் சொல்லத் தொடங்குவார். இதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். "புள்ளி வச்சா, புள்ளிக்காகவே கூப்பிடுவாங்க. இதுக்குப் புள்ளி கிடையாது" என்றாள்.

ஊரை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பெரும்பாலும் பலகாரத்தையும் ஆற்றையும் மட்டுமே சொல்கிறோம். அவர்கள் அந்த ஊரை மீண்டும் கட்ட முற்படும்போது, யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்ற கேள்வி தானே வரும். விடை சொல்லக்கூடியவர்கள் நம்முள் குறைந்துகொண்டே வருகின்றனர். உள்ளதை உள்ளபடி சொல்லிவைப்போம். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பன்னிருவருள் பதினொருவருக்குப் பேச்சு முடிந்துவிட்டது. திண்ணை ஆச்சியின் மழைக்காலப் பேச்சு மட்டும் எஞ்சியுள்ளது. வானம் கறுத்ததும் நெல்லைச் சீமை ஆச்சிமார் என்னென்ன சொல்வார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கும் அன்பர்கள், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது என்னிடம் சொல்லி உதவ வேண்டுகிறேன்.