கொள்ளிடம் வடிந்த பிறகு

18-8-2018, சனி

மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறார்கள். முக்கொம்பில் பெரும்பகுதி கொள்ளிடத்துக்குத் திரும்பிவிட்டது. பெய்தது குடகிலும் வயநாட்டிலும், மூழ்குவது தா.பழூர்ப் பக்கத்துப் படுகை. ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் வெள்ளத்தில் தவிக்கும் கேரளத்துக்கு அரிசியும் போர்வையும் சேர்க்கிறார்கள். என் மருந்துக் கடையிலிருந்தும் ஒரு பெட்டி போனது. ஆற்றங்கரைக்கு யார் போவது என்று கேட்டேன். நண்பர்கள் நாலு பேர் கை தூக்கினார்கள்.

23-8-2018, வியாழன்

நேற்று ராத்திரி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. ஆர்தர் காட்டன் காலத்து அணை. ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆற்றங்கரையில் நாங்கள் போட்ட மருத்துவ முகாமுக்குக் காய்ச்சல், பேதி என்றுதான் வருவார்கள் என்று நினைத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் குளோரின் மாத்திரையும் மூட்டை கட்டிக்கொண்டு போனோம். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சேற்றுப்புண். மீதிப் பேர் சர்க்கரை, பிரஷர்க்காரர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில் மாத்திரையும் போச்சு, ஆஸ்பத்திரி நோட்டும் போச்சு.

"காலையில வெள்ளை, ராத்திரி சின்னதா மஞ்சள், தம்பி" என்றார் ஓர் ஆயா. வெள்ளையில் ஆயிரம் மாத்திரை இருக்கிறதே! முந்தானை முடிச்சை அவிழ்த்து நனைந்த அட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். எழுத்து பாதிதான் தெரிந்தது: மெட்பார்மின். டாக்டர் சர்க்கரையைச் சோதித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின், பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் எரியும்; ஆகவே இட்லி வந்து சேரும்வரை மாத்திரையை எடுக்கவே டாக்டர் விடவில்லை.

2-9-2018, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. முகாமுக்குக் கூட்டம் குறைவு. வந்தவர்களுக்கு வலி வேறு. வாழை அழுகி நிற்கிறது, கத்தரி வண்டலுக்கு அடியில். கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ. வந்தாராம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானால் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய். ஏக்கருக்குப் பார்த்தால் ஐயாயிரத்துச் சொச்சம். வாழைக்கு உழவுக் கூலியும் கன்று விலையும் சேர்த்தால் எந்த மூலைக்கு? அதுவும் அடங்கல் பயிர்க் கணக்கில் பெயர் இருப்பவருக்குத்தான். வாய்வார்த்தைக் குத்தகைக்கு அடங்கல் ஏது?

"நிலம் அவரோடது, கடன் என்னோடது" என்றார் ஒருவர். அவருடைய ரத்த அழுத்தம் 180. எந்த மாத்திரையால் அதை இறக்குவது?

இன்றும் ஒரு வேன் நிறைய பழைய துணி வந்து இறங்கியது. கோபமாக வந்தது, சொல்லவில்லை.

14-10-2018, ஞாயிறு

முகாமுக்கு வசூலித்ததில் மிச்சமிருந்த பணத்தை என்ன செய்வது என்று சங்கடம். இன்னொரு முகாம், பேனரோடு படம் என்றார் ஒருவர். நான் ஒப்பவில்லை. குத்தகைக்காரர்கள் சிலருக்கு விதைநெல், உரம். ஆடு பறிகொடுத்த இரண்டு பெண்களுக்குக் குட்டிகள். ஆடு செத்ததற்கு அரசாங்கமும் பணம் தருகிறது. ஆனால் கால்நடை டாக்டர் சான்று வேண்டும். ஆற்றோடு போன ஆட்டை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

ஆயா கடைக்கே வந்திருந்தார். புது நோட்டு போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். சர்க்கரை இன்னும் கூடத்தான் இருக்கிறது; ரேஷன் அரிசியைத் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை என்றார்.

வெள்ளத்துக்கு உண்டியல் குலுக்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வசூலில் பாதியை முதல் வாரமே செலவழித்துவிடாதீர்கள். தண்ணீர் வடிந்து இரண்டு மாதம் கழித்து அதே ஊருக்கு ஒரு நடை போங்கள். பழைய துணி வேண்டாம்.