'குழப்பமில்லை' எந்தக் கட்டத்தில் விழும்?

தேர்தல் கருத்துக்கணிப்புகளைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எண்களைச் சுற்றியே நடக்கின்றன. மாதிரியின் அளவு போதுமா, பிழை வரம்பு எவ்வளவு, கணிப்பை வெளியிட்ட ஊடகம் எந்த அணிக்கு நெருக்கமானது என்றெல்லாம் கேட்கப்படுகிறது. கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது, விடை எந்த மொழியில் சொல்லப்பட்டது, இரண்டுக்கும் நடுவே களப்பணியாளர் என்ன செய்தார் என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளின் எல்லைச் சிற்றூர்களில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எண்களைப் பேச இயலாது.

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை அமரவிளை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளையை எட்டும்போது மாநிலம் மாறிவிடுகிறது. பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. கிழக்கே வெள்ளறடை, பனச்சமூடு பக்கமும், மேற்கே பொழியூர்க் கடற்கரைப் பக்கமும் இதே நிலைதான். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக் கோட்டின் இருபுறமும் உறவுகள் தொடர்ந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் வந்து போவதும் நிற்கவில்லை. விளவங்கோட்டுத் தமிழில் மலையாளச் சாயல் உண்டு. பாறசாலை மலையாளத்தில் தமிழ்ச் சாயல் உண்டு. எது எங்கே முடிகிறது என்று கோடு கிழிப்பது மொழியியலாளருக்கே எளிதன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் சுமார் 1.5 விழுக்காடு. இந்த எண் எல்லையூர்களின் பேச்சைக் காட்டாது. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான். நடைமுறையில் ஒரே ஆள் வீட்டில் ஒரு விதமாகவும், கடைத்தெருவில் ஒரு விதமாகவும், பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு விதமாகவும் பேசுகிறார். கையில் படிவத்தோடு ஓர் அந்நியர் வாசலில் வந்து நின்று செய்தி வாசிப்பவரின் மலையாளத்தில் பேசத் தொடங்கினால், விடையும் அந்த அளவுக்கு மரியாதை கூடியதாகவும் கருத்துக் குறைந்ததாகவும் மாறுகிறது. அலுவலக மொழியில் கேட்ட கேள்விக்கு அலுவலக மொழியில்தான் விடை வரும். ஆட்சியைப் பற்றிய கோபம் அந்த மொழியில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

எடுத்துக்காட்டாக, கணிப்புகளில் தவறாது இடம்பெறும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்: இந்த அரசின் செயல்பாடு எப்படி? படிவத்தில் மிக நன்று, நன்று, சராசரி, மோசம், மிக மோசம் என்று ஐந்து கட்டங்கள் இருப்பது வழக்கம். இவ்வூர்களில் இதற்கு மிக இயல்பாக வரக்கூடிய விடை 'குழப்பமில்ல' என்பது. மலையாளத்தில் அதற்கு 'பரவாயில்லை, பெரிய கேடு ஒன்றுமில்லை' என்று பொருள். உடல்நலம் கேட்டாலும், மகனின் வேலையைக் கேட்டாலும், குழம்பின் சுவையைக் கேட்டாலும் சொல்லப்படும் சொல் அது. தமிழில் அதே ஒலி 'தெளிவாக இருக்கிறது, ஐயமில்லை' என்ற பொருளைத் தரும். களப்பணியாளர் அதை நன்று என்ற கட்டத்தில் இடலாம். சராசரி என்பதிலும் இடலாம். சொன்னவரின் முகத்தைப் பார்த்த இன்னொருவர் மோசம் என்றே எழுதக்கூடும். மூன்றுக்கும் நியாயம் உண்டு. அட்டவணையில் ஏறிய பிறகு அந்த மூன்று தீர்ப்புகளும் வாக்காளரின் கருத்தாகவே வாசிக்கப்படுகின்றன.

'மோசம்' என்ற சொல்லும் அப்படித்தான். மலையாளத்தில் அது தரக்குறைவைச் சொல்லும் அன்றாடச் சொல். தமிழ்ச் செவிக்கு 'மோசம் போனேன்' என்பதிலுள்ள ஏமாற்றின் நிழலும் அதில் சேர்ந்து கேட்கும். அரசு மோசம் என்று ஒப்புக்கொள்ள ஒருவர் தயங்குவதற்கு அந்த நிழலே போதும். 'அவசரம்' இன்னும் தெளிவான சான்று. மலையாளத்தில் அது வாய்ப்பு, தமிழில் விரைவு. 'இந்த அரசுக்கு இன்னொரு அவசரம் கொடுக்கலாமா' என்னும் மலையாளக் கேள்வியின் பொருள் எல்லையூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். இரு பொருளோடும் வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். ஆனால் அண்மையில் மணமாகி விளவங்கோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தொலைபேசியில் பதிவுசெய்த குரல் அதை ஒருமுறை சொல்லிவிட்டு ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்றால், திருப்பிக் கேட்க அங்கே ஆள் இல்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது 'தெரியாது' என்னும் விடை. திருவனந்தபுரத்து மலையாளத்தில் அது 'அறிஞ்ஞூடா'. தமிழில் 'கூடாது' என்பது விலக்குவது; மலையாளத்தில் இங்கே அது இயலாமை. 'நோக்காம்', 'பார்க்கலாம்' என்பவையும் இவ்வகையே. இரு மொழியிலும் அவை நேரில் மறுக்காமல் மறுக்கும் முறைகள். கல்யாணத் தரகரிடமும் கடன் கேட்டு வந்தவரிடமும் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்பது யாவரும் அறிந்ததே. வாக்குக் கேட்டு வந்தவரிடம் சொன்னாலும் அதே பொருள்தான். கணிப்பின் அட்டவணையில் மட்டும் அது முடிவெடுக்காதவர் என்னும் கட்டத்தில் விழுகிறது. சில கணிப்புகளில் அந்தக் கட்டத்தினரை மற்றவர்களின் விகிதப்படி கட்சிகளுக்குப் பங்கிட்டுவிடுவதும் உண்டு. வாசலில் நின்று மெல்ல மறுத்தவர் அந்தப் பங்கீட்டில் ஆதரவாளராகிவிடுகிறார்.

மாதிரியைப் பெரிதாக்கினால் இவையெல்லாம் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. கேரளத்தில் 140 சட்டமன்றத் தொகுதிகள். மாநிலம் முழுவதும் 10,000 பேரிடம் எடுக்கப்படும் பெரிய கணிப்பில்கூடத் தொகுதிக்குச் சராசரியாக 71 பேர்தான் வருவர். 71 பேரைக் கொண்டு ஒரு தொகுதியைப் பற்றிப் பேசினால் பிழை வரம்பு இருபுறமும் சுமார் 12 விழுக்காடு. அந்த 71 பேருள் எல்லையோரப் பேச்சு உடையவர்கள் எத்தனை பேர் என்பது தற்செயல். மேலும், பிழை வரம்பு என்று அச்சிடப்படுவது மாதிரி எடுப்பதால் வரும் பிழையை மட்டுமே அளக்கிறது. கேள்வியைப் புரிந்துகொண்டதிலும் விடையைக் கட்டத்தில் இட்டதிலும் நேர்ந்த பிழை அதற்குள் அடங்காது. ஒரே சொல்லை ஆயிரம் முறை தவறான கட்டத்தில் இட்டால் தவறு உறுதிப்படுமே தவிரக் குறையாது.

இது சிற்றூர்ச் சிக்கல் என்று ஒதுக்கிவிடவும் இயலாது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரம் நாடாளுமன்றத் தொகுதியின் ஏழு சட்டமன்றப் பகுதிகளுள் அடங்குபவை. 2014இல் சசி தரூர் ஓ. ராஜகோபாலை 15,470 வாக்குகளில் வென்றார். 2024இல் ராஜீவ் சந்திரசேகரை 16,077 வாக்குகளில் வென்றார். இரு முறையும் வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. இரு முறையும் கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, நேமம் ஆகிய பகுதிகளில் பாரதிய சனதா முந்தியது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் ஆகிய தெற்குப் பகுதிகள் தரூரைக் காத்தன. இடையில் 2019இல் கும்மனம் ராஜசேகரன் முந்துவார் அல்லது போட்டி மிகக் கடுமையாக இருக்கும் என்று சில கணிப்புகள் கூறின. தரூர் 99,989 வாக்குகளில் வென்றார். அந்தத் தவறு முழுவதற்கும் மொழியே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் பகுதியின் பேச்சு, கணிப்பின் வினாநிரலில் இடமே பெறாத பேச்சு என்பது கவனத்துக்குரியது.

நெய்யாற்றின்கரை 2012 ஆம் ஆண்டில் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. ஆர். செல்வராஜ் 2006இல் பாறசாலையிலும் 2011இல் நெய்யாற்றின்கரையிலும் மார்க்சியக் கட்சியின் சார்பில் வென்றவர். 2012 மார்ச்சில் பதவி விலகி, சூன் 2 அன்று நடந்த இடைத்தேர்தலில் காங்கிரசின் கைச் சின்னத்தில் நின்றார். இடது முன்னணியின் எஃப். லாரன்சை 6,334 வாக்குகளில் வென்றார், ஓ. ராஜகோபால் 30,507 வாக்குகள் பெற்று மூன்றாம் இடத்தில் நின்றார். கணிப்பாளர்கள் மாதிரியைச் சரிபார்க்க வழக்கமாகக் கேட்பது, சென்ற முறை யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது. 'செல்வராஜுக்கு' என்று ஒருவர் சொன்னால் அது சென்ற ஆண்டின் அரிவாள் சுத்தியலா, இந்த ஆண்டின் மனிதரா? 'இந்த முறையும் அதே' என்றால் ஆளா, சின்னமா? இதற்கிடையே மே 4 அன்று வடகேரளத்தில் டி. பி. சந்திரசேகரன் கொலையுண்டார். ஏப்ரலில் கேட்ட விடைக்கும் சூன் வாக்குக்கும் இடையே தொகுதியின் பேச்சுப்பொருளே மாறிவிட்டது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முந்தைய உட்கட்சித் தேர்தல்களைக் கணிப்பது அங்கே மிகக் கடினமான வேலையாகக் கருதப்படுவதும் இதே காரணத்தால்தான். போட்டியிடுவோர் அனைவரும் ஒரே கட்சியினர். வாக்காளரின் வழக்கமான அடையாளம் உதவாது. யார் வாக்களிக்க வருவார் என்பதும் கடைசி நாள் வரை தெரியாது. 2008 சனவரியில் நியூ ஹாம்சயரில் ஒபாமா தெளிவாக முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகள் கூறின. ஹிலரி கிளிண்டன் வென்றார். 2016 மார்ச்சில் மிச்சிகனில் கிளிண்டன் ஏறத்தாழ இருபது புள்ளிகள் முந்துவதாகக் கூறப்பட்டது. பெர்னி சாண்டர்சு வென்றார். நியூ ஹாம்சயர்த் தவறைக் கருத்தாய்வாளர்களின் சங்கமே குழு அமைத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வாக்குச்சீட்டில் பெயர்கள் அமைந்த வரிசை வரை அந்தக் குழு பார்த்தது. ஒரு மொழியே பெரும்பாலும் வழங்கும் ஒரு சிறு மாநிலத்தில் பெயர் வரிசைக்கு அவ்வளவு கவனம் கிடைத்தது. இரு மொழிகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும் ஓர் எல்லையில் கேள்வியின் சொற்களுக்கு அந்த அளவு கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

இந்தியச் சட்டத்தின் அக்கறை காலத்தைப் பற்றியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு வெளியிடுவதைத் தடுக்கிறது. 126அ பிரிவு வாக்களித்து வெளிவருவோரிடம் எடுக்கும் கணிப்பைக் குறித்த காலம் முடியும் வரை தடுக்கிறது. எந்தச் சொல்லில் கேட்க வேண்டும் என்பதில் சட்டம் தலையிடுவதில்லை, தலையிடவும் வேண்டியதில்லை. அது ஆய்வாளர்களின் பொறுப்பு. நல்ல முன்மாதிரிகளும் இல்லாமலில்லை. வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நீதி குழு வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தேர்ந்து, வீட்டுக்கே சென்று, மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லும் முறையைப் பின்பற்றுகிறது. யாருக்கு வாக்கு என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. எல்லையூர்களுக்கு இது மிகப் பொருத்தம். கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். களியக்காவிளையில் வாங்கிய எண்ணோடு காரோட்டில் வாழ்பவரைத் தொலைபேசிக் கணிப்பு காணாது. வாக்காளர் பட்டியலில் அவர் இருக்கிறார்.

சீட்டும் பெட்டியும் வாக்கை மட்டும் காக்கும். அரசு எப்படி, வாழ்க்கை எப்படி என்னும் கேள்விகள் பேச்சில்தான் நிகழும். அவற்றுக்குச் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. குன்னத்துக்கால், வெள்ளறடை, காரோடு, குளத்தூர் போன்ற ஊர்களுக்கு அந்தந்த ஊர்ப் பேச்சு அறிந்தவர்களைக் களப்பணிக்கு அனுப்பலாம். விடையைக் கட்டத்தில் இடுமுன் சொன்ன சொல்லை அப்படியே எழுதி வைக்கலாம். 'குழப்பமில்ல' என்றவரிடம், அப்படியானால் எது குறை என்று இன்னொரு கேள்வி கேட்கலாம். 'பார்க்கலாம்' என்றவர்களைப் பங்கிடாமல் தனியே காட்டலாம். முடிவுகளோடு வினாநிரலையும், அது எந்தெந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதையும் வெளியிடலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்திருக்கிறது. அரசுக்கு மனு எழுத உள்ள அந்த இடம், அரசைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் இருக்க வேண்டும்.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் ஆய்வுப் பொருள் ஏராளம். கருத்துக்கணிப்பின் மூலத்தரவு ஓர் உரையாடல். அதை உரையாடலாகவே பதிவுசெய்து ஆராயும் பணி இந்த எல்லையில் தொடங்கப்படலாம். அடுத்த தேர்தலுக்கு முன் அதற்குக் காலம் இருக்கிறது. அதுவரை, தென்கோடித் தொகுதிகளில் ஆட்சிமீது இத்தனை விழுக்காட்டினர் நிறைவடைந்துள்ளனர் என்று தொலைக்காட்சியில் வண்ணப் பட்டைகள் எழும்போது, அந்த நிறைவு எந்தச் சொல்லில் சொல்லப்பட்டது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.