புதுக் கார்டுக்கு ஒரு பழைய பரீட்சை

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "என்விடியா வாங்கிடுங்க, தலைவலி இல்லை." கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் ஏஎம்டியையும் சேர்த்துக்கொள்வார். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு என்பதை ரிச்சி தெருக் கடைக்காரர்கூட நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார். அந்த மூன்றாவது பெயர் இன்டெல். வீட்டு மேசையில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிற என் கிறுக்குக்காக நான் வாங்கியது அந்த இன்டெலின் ஆர்க் பி580.

இன்டெலைப் புதியவர் என்று சொன்னால் சிரிப்பு வரும். நம் அலுவலகங்களில் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது அவர்களுடைய சிப்தான். படம் காட்டுகிற வேலையையும் அந்த சிப்பே ஓரமாகச் செய்துகொண்டிருந்தது. ஆனால் விளையாடுகிறவர்களுக்கென்று தனிக் கார்டு செய்து, அதே கடை அலமாரியில் மற்ற இருவருக்கும் பக்கத்தில் நிறுத்தியது, 1990களின் இறுதியில் ஒரு முறை முயன்று விலகிய பிறகு, 2022இல்தான். அந்த ஆண்டு அக்டோபரில் ஏ770, ஏ750 என்ற இரண்டு கார்டுகள் வந்தன. 2024 டிசம்பரில் அடுத்த தலைமுறையாக பி580 வந்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை 249 டாலர், கார்டில் 12 ஜிபி நினைவகம். என்விடியா 1993இலிருந்தும், ஏஎம்டி வாங்கிய ஏடிஐ 1985இலிருந்தும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். அந்தக் கணக்கில் இன்டெல் நேற்றுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைதான்.

அப்படிப்பட்ட கார்டை ஃப்ளைட் சிமுலேட்டருக்கு வாங்குவது பொருத்தமா என்று நண்பர்கள் கேட்டார்கள். எனக்கு அது மிகப் பழைய பொருத்தமாகத் தோன்றியது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் முதன்முதலில் 1982இல் ஐபிஎம் பிசிக்காக வந்தது. புரூஸ் ஆர்ட்விக் அதற்கு முன்பே ஆப்பிள் 2 கணினிக்கு எழுதியிருந்த விளையாட்டின் வளர்ச்சி அது. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் ஐபிஎம் பிசியைப் போலவே இயங்கும் கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தன. உண்மையிலேயே ஐபிஎம் மாதிரிதானா என்று பார்க்க வாங்குகிறவர்களும் பத்திரிகைக்காரர்களும் இரண்டு மென்பொருள்களைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3, மற்றொன்று ஃப்ளைட் சிமுலேட்டர். இரண்டும் வேகத்துக்காக வன்பொருளோடு நேராகப் பேசியவை என்பதால், ஒப்புக்கு ஐபிஎம் மாதிரி இருந்த கணினிகள் அதில் மாட்டிக்கொண்டன. புதிதாக வருகிறவரைப் பரீட்சை வைத்து உள்ளே விடுகிற வேலையை விமானம் அப்போதே செய்திருக்கிறது.

இன்டெல் விஷயத்தில் உறவு இன்னும் நெருக்கமானது. தனி கிராஃபிக்ஸ் சந்தையில் இன்டெல் முதலில் கால் வைத்தது 1998இல், ஐ740 என்ற சிப்போடு. அதை இன்டெலோடு சேர்ந்து உருவாக்கியது ரியல்3டி. லாக்ஹீட் மார்ட்டினின் கிளை நிறுவனம் அது. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் விமானவியல் பிரிவில் போய் நிற்கும். அப்போலோ விண்வெளி வீரர்கள் கலங்களை இணைக்கப் பழகுவதற்காக 1960களில் காட்சி சிமுலேட்டர் செய்தவர்கள் அவர்கள். ஆக, இன்டெலின் முதல் கார்டே சிமுலேட்டர் வம்சத்தில் வந்ததுதான். வம்சப் பெருமை அதற்குக் கைகொடுக்கவில்லை. தரைக்கும் சுவருக்கும் போர்த்துகிற படங்களைக் கார்டில் வைக்காமல் கணினியின் பொது நினைவகத்திலிருந்து ஏஜிபி என்ற இணைப்பு வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதை வடிவமைத்தார்கள். கார்டிலேயே நினைவகம் வைத்திருந்த போட்டியாளர்கள் முந்திக்கொண்டார்கள். 1999இல் இன்டெல் அந்தச் சந்தையை விட்டு விலகியது, அதே ஆண்டில் ரியல்3டியும் மூடப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து வந்த பி580இன் பெரிய பலம், கார்டிலேயே இருக்கும் அந்த 12 ஜிபி நினைவகம்.

அந்த 12 ஜிபி விமானம் ஓட்டுகிறவனுக்கு ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். துப்பாக்கி விளையாட்டுகளில் ஒரு தெரு, ஒரு கட்டடம், பத்து ஆட்கள் என்று உலகம் சிறியது. சிமுலேட்டரில் உலகமே உலகம். 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் பிங் வரைபடங்களின் செயற்கைக்கோள் படங்களை இணையம் வழியாக இறக்கிக்கொண்டே வருகிறது. தரை, மேகம், விமான நிலையம், காக்பிட்டில் உள்ள ஒவ்வொரு பொத்தானின் எழுத்து எல்லாம் ஒரே நேரத்தில் கார்டின் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். பெரிய விமான நிலையம், நுணுக்கமாகச் செய்த விமானம், உயர்ந்த தர அமைப்பு மூன்றும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பி வழிந்துவிடும். வழிந்தால் வேகம் படிப்படியாகக் குறையாது, அப்படியே விழும். தரையைத் தொட 200 அடி இருக்கும்போது படம் விக்கினால் அந்த இறக்கம் போச்சு. 2023இல் 299 டாலருக்கு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060இல் இருந்தது 8 ஜிபி. மற்ற விளையாட்டுகளில் அது எத்தனை கெட்டிக்காரக் கார்டாக இருந்தாலும் எனக்கு வேண்டிய இடத்தில் இடம் குறைவு.

ஃபிரேம் கணக்கும் இங்கே வேறு. நொடிக்கு 144 படங்கள் வேண்டும் என்று போட்டி விளையாட்டுக்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பயணிகள் விமானம் ஓட்டுகிறவனுக்கு நொடிக்கு 30 படங்கள் போதும். ஆனால் அந்த முப்பதும் சீராக, ஒவ்வொன்றும் 33 மில்லிநொடி இடைவெளியில் வர வேண்டும். சராசரி 60 என்று காட்டிவிட்டு நடுநடுவே திக்குகிற கார்டைவிட, 30இலேயே அசையாமல் நிற்கிற கார்டு மேல். விமர்சனங்களில் வருகிற பட்டை வரைபடங்களில் சராசரிதான் பெரிய எழுத்தில் இருக்கும். சிமுலேட்டர்காரன் பார்க்க வேண்டியது அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மிகக் குறைந்த அளவை.

இனி புதியவரின் பலவீனம். அதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் பலர். ப்ராசஸர்தான் சமையல்காரர், கிராஃபிக்ஸ் கார்டு பரிமாறுகிற கூட்டம். ஃப்ளைட் சிமுலேட்டரில் பெரும்பாலும் சமையற்கட்டுதான் திணறும். இறக்கையில் காற்று மோதுகிற கணக்கு, காக்பிட் கணினிகள், சுற்றிப் பறக்கிற மற்ற விமானங்கள் என்று பெரும்பாலான வேலை ப்ராசஸரின் ஒரே இழையில் வரிசையாக நடக்கிறது. அங்கே சோறு வேகாவிட்டால் பரிமாற எத்தனை பேர் நின்றும் பயனில்லை. கார்டை இயக்குகிற இன்டெலின் டிரைவர் மென்பொருள், பரிமாறும் வேலைக்கு நடுவில் சமையல்காரரையே அடிக்கடி கூப்பிட்டு யோசனை கேட்கிற ரகம். 2025 ஜனவரியில் விமர்சகர்கள் பி580ஐப் பழைய ப்ராசஸர்களோடு சேர்த்துச் சோதித்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. புதிய ப்ராசஸரோடு வேகமாக ஓடிய அதே கார்டு, பழையதோடு சேர்ந்தபோது போட்டிக் கார்டுகளைவிட அதிகமாகச் சறுக்கியது. விலை குறைந்த கார்டைத் தேடுகிறவர்களிடம் பெரும்பாலும் பழைய ப்ராசஸர்தான் இருக்கும் என்பதால் அது சரியான இடத்தில் விழுந்த அடி.

என் கணினியில் ப்ராசஸர் அண்மைத் தலைமுறை. அதனால் இந்த அடி எனக்கு வலிக்கவில்லை, ஆனால் எங்கே விழுகிறது என்பது தெரிகிறது. வங்காள விரிகுடா மேலிருந்து சென்னையின் 25ஆம் ஓடுபாதைக்கு இறங்கும்போது கடல் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. கரையைத் தாண்டியதும் நகரத்தின் கட்டடங்கள் மொத்தமாக வந்து சேர்கின்றன, ஃபிரேம் எண் இறங்குகிறது. சிமுலேட்டரின் டெவலப்பர் அமைப்பைத் திறந்தால், தடை கார்டிலா ப்ராசஸரின் முதன்மை இழையிலா என்று அதுவே எழுதிக் காட்டும். அந்த இடத்தில் அது காட்டுவது முதன்மை இழையை. மதுரையின் 27ஆம் ஓடுபாதையில் இறங்கும்போது இந்தச் சிக்கலே இல்லை. படத் தரத்தைக் குறைப்பதால் சென்னையில் எதுவும் மாறவில்லை. சுற்றிப் பறக்கிற விமானங்களைக் குறைத்து, கட்டடங்கள் தெரிகிற தூரத்தைச் சுருக்கியதும் சீரானது. கார்டைத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் படித்துவிடுவது நல்லது.

கடைக்காரர் சொல்லாத இன்னொரு விஷயம் ரீசைசபிள் பார். வழக்கமாக ப்ராசஸர் கார்டின் நினைவகத்தை 256 எம்பி அளவுள்ள ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். இந்த வசதியை பயாஸில் இயக்கிவிட்டால் முழு நினைவகமும் ஒரேயடியாகத் திறந்துவிடும். மற்ற கம்பெனிக் கார்டுகளுக்கு இது கூடுதல் சலுகை, ஆர்க் கார்டுகளுக்கோ அத்தியாவசியம். இல்லையென்றால் வேகம் கணிசமாகக் குறையும் என்று இன்டெலே சொல்கிறது. பயாஸில் இந்த வசதி இல்லாத மதர்போர்டு உங்களுடையது என்றால் இந்தக் கார்டு உங்களுக்கானது இல்லை. அதே பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்பையும் இயக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போதுகூட ஆர்க் தேவைக்கு மேல் மின்சாரம் இழுக்கும். இன்வெர்ட்டரை நம்பி இருக்கும் நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

டிரைவர் என்கிற மென்பொருளில்தான் அனுபவத்தின் விலை தெரிகிறது. விளையாட்டு எழுதுகிறவர்கள் விதிப்புத்தகத்தை அப்படியே பின்பற்றுவதில்லை, கையில் இருக்கும் கார்டில் ஓடினால் சரி என்று விட்டுவிடுவார்கள். அந்த மீறல்களையெல்லாம் ஆண்டுக்கணக்காகத் தங்கள் டிரைவருக்குள் ஒட்டுப்போட்டு வைத்திருப்பதுதான் பழைய கம்பெனிகளின் உண்மையான சொத்து. இன்டெல் அதை முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருந்தது. 2022இல் வந்த முதல் கார்டுகள் பழைய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளை நேரடியாகப் புரிந்துகொள்ளவில்லை, டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றித்தான் ஓட்டின. சில மாதங்களிலேயே வேறு வழியைக் கையாண்டு அந்தப் பழைய விளையாட்டுகளின் வேகத்தை நன்றாகக் கூட்டினார்கள். வாங்கிய பிறகு வளர்கிற பொருள் என்று இதைப் பாராட்டலாம். முழுதாக வளராமலே விற்றார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

சிமுலேட்டர் உலகில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. நாம் ஓட்டுகிற விமானங்களில் பலவற்றைச் செய்பவர்கள் நாலைந்து பேர் கொண்ட சிறு குழுக்கள். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு விமானத்தில் காக்பிட் திரை ஒன்று கறுப்பாகவே நின்றது. செய்தவர்களுக்கு எழுதினேன், அந்தக் கார்டு தங்களிடம் இல்லை, சோதித்துப் பார்த்ததில்லை என்று நேர்மையாகப் பதில் வந்தது. வேறு ஒருவர் என் மாதிரியே எழுதி, அவர்கள் கார்டு வாங்கிப் பார்த்து, அடுத்த திருத்தத்தில் திரை ஒளிர்ந்தது. புதியவரை நாலு பேர் வாங்கினால்தான் ஐந்தாவது ஆளுக்கு எல்லாம் ஓடும். முதல் நால்வரில் ஒருவராக இருக்கப் பொறுமை உண்டா என்பதைத்தான் வாங்குமுன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களிடம் அந்தப் பொறுமை இருக்கும் என்பது என் நம்பிக்கை. இன்ஜினை இயக்குவதற்கு முன் பக்கக் கணக்கில் செக்லிஸ்ட் படிக்கிறவர்கள் நாங்கள். திருச்சிக்குப் போக நிஜத்தில் ஆகிற நேரத்தையே மேசையிலும் செலவழிக்கிறவர்கள். டிரைவரைப் புதுப்பித்து, பயாஸைத் திறந்து, ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்ப்பது எங்களுக்கு வேலையாகத் தோன்றுவதில்லை, பறப்பதற்கு முந்தைய சோதனையாகத்தான் தோன்றுகிறது. சாயங்காலம் அரை மணி நேரம் கிடைக்கும், உட்கார்ந்ததும் ஓட வேண்டும் என்கிறவரின் நிலை வேறு. அவர் சற்றுக் கூடுதல் காசு கொடுத்துப் பழைய பெயரையே வாங்குவதில் தவறில்லை.

மூன்றாமவர் ஒருவர் கடையில் நிற்பது இதை வாங்காதவருக்கும் நல்லது. இருவர் மட்டுமே விற்கும் சந்தையில் 8 ஜிபியே போதும் என்று அவர்கள் முடிவு செய்தால் நமக்கும் போதும் என்றாகிவிடும். 249 டாலருக்கு 12 ஜிபி தர முடியும் என்று ஒருவர் செய்து காட்டிய பிறகு அந்தப் பேச்சை அத்தனை சுலபமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆதரவு தருவதற்காக என்று யாரும் கார்டு வாங்க வேண்டியதில்லை, நம் கணினிக்குப் பொருந்தினால் வாங்கலாம்.

எனவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அண்மைத் தலைமுறை ப்ராசஸர் இருக்கிறது, ரீசைசபிள் பார் இருக்கிறது, 1440பி திரையில் ஓட்டுகிறீர்கள், சின்னச் சின்னக் கோளாறுகளை நீங்களே தேடிச் சரிசெய்வீர்கள் என்றால், குறைந்த செலவில் வானத்துக்குப் போக பி580 நல்ல வழி. ப்ராசஸர் ஐந்தாறு வருடம் பழையது என்றால் கார்டை மறந்துவிட்டு முதலில் ப்ராசஸரை மாற்றுங்கள், ஃப்ளைட் சிமுலேட்டரில் அந்தக் காசுதான் அதிகம் பேசும். விஆர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் என்றால் ஆர்க் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.