இறகுப் பந்து

சார்லஸ் லீஸ் 1847-இல் தீட்டிய 'கோல்ஃபர்கள்' ஓவியத்தில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் கனவான்கள் திரண்டு நின்று சிறு பந்தொன்றை உற்று நோக்குகின்றனர். அப்பந்தைச் செய்தவர் யார் என்ற எண்ணமே என்னைத் தூரிகை எடுக்கச் செய்தது.

தொப்பி நிறைய இறகுகளை வேகவைத்துத் தோலுறைக்குள் திணித்துத் தைத்ததே அக்காலப் பந்து. கைதேர்ந்தவரும் நாளொன்றுக்கு மூன்று நான்கே முடிப்பார். திணிக்கும் கோலை நெஞ்சால் அழுத்தவேண்டும். இறகுத் தூசியோ மூச்சோடு உட்செல்லும்.

பலகையில் பசையிட்டு மணல் தூவி, பச்சை வண்ணம் பூசி, ஆட்டுத்தோலையும் வாத்திறகுகளையும் பதித்தேன். கனவான்களுக்குச் சிறு கரிக்கோடுகளே போதும் என்று தோன்றியது. தோலுறையின் வாயைத் தைக்க மட்டும் மனம் வரவில்லை.

1848 வாக்கில் மலாய்க் காட்டு மரப்பாலில் வார்த்த மலிவான பந்து வந்தது. சில ஆண்டுகளில் தூசியோடு அத்தொழிலாளரின் பிழைப்பும் போயிற்று. அம்மரப்பாலின் பழுப்பை ஓவியத்தின் ஓரத்தில் ஒரே கோடாகத் தீட்டியிருக்கிறேன்.