பெட்ரோல் முள் பொய் சொன்னால்... சரவணம்பட்டியிலிருந்து ஒரு தேடல்!

காலை ஒன்பது மணிக்கு சரவணம்பட்டி ஜங்ஷனில் நின்று பாருங்கள். ஐ.டி கம்பெனி வேன்கள், காலேஜ் பஸ்கள், டெலிவரி பைக்குகள் என்று சத்தி ரோடே திணறிக்கொண்டிருக்கும். இந்த நெரிசலுக்குள் ஒரு பழைய ஃபியட்டோ, அம்பாசடரோ மெதுவாக நுழைந்தால் போதும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் உடனே செல்போனைத் தூக்கிவிடுவார்கள்.

பளபளக்கும் பெயின்ட், குரோம் பம்பர், வெள்ளை ஸ்டீயரிங்... எல்லாம் போட்டோவில் அழகாக விழும். விழாத விஷயம் ஒன்று உண்டு. அந்த கார்களில் பலவற்றில் பெட்ரோல் மீட்டரின் முள் செத்துக் கிடக்கும்.

'அதனாலென்ன, கணக்குப் போட்டு ஓட்டிக்கலாம்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குள் ஓட்டும்வரை அது சரி. ஆனால், இதே சத்தி ரோட்டில் வடக்கே போனால் அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி. அதைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள், இருபுறமும் புலிகள் காப்பகம், யானைகள் குறுக்கே வரும் காடு. அந்த ஏற்றத்தில் 'கணக்கு' தப்பினால் இறங்கித் தள்ளக்கூட முடியாது.

சரவணம்பட்டியில் 1960-களின் ஃபியட் ஒன்றை வீட்டு போர்டிகோவில் வைத்திருக்கும் ஒருவர், மீட்டரைச் சரிசெய்யக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணபதியைக் கடந்து காந்திபுரம், அங்கிருந்து நஞ்சப்பா ரோட்டின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். கழற்றிய மீட்டரைத் துணிப்பையிலிருந்து எடுத்து கவுன்டரில் வைத்தால், முதல் கேள்வி இப்படித்தான் வரும்.

"ஏனுங்ண்ணா, டேங்க் யூனிட்டு கொண்டாரலீங்களா?"

"இல்லீங்க தம்பி. மீட்டர்தானுங்க ஓடல."

"ரெண்டையும் பார்த்தாத்தானுங்ண்ணா சொல்ல முடியும்."

இந்த விஷயத்தில் பாதி இந்தப் பதிலிலேயே அடங்கிவிடுகிறது. பெட்ரோல் மீட்டர் தனி உருப்படி அல்ல, ஜோடி. டேஷ்போர்டில் தெரியும் முள் ஒன்று. டேங்குக்குள் மிதவையும் கம்பியுமாகத் தொங்கும் யூனிட் இன்னொன்று. பெட்ரோல் மட்டம் ஏறி இறங்க, மிதவையோடு சேர்ந்த கம்பி ஒரு மின்தடைச் சுருள்மீது நகரும். அதற்கேற்ப மீட்டருக்குப் போகும் மின்சாரம் கூடும், குறையும். முள் காட்டுவது அதைத்தான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மின்தடையின் கணக்கு எல்லா கார்களுக்கும் ஒன்று கிடையாது. பழைய ஜி.எம் கார்கள் பலவற்றில் டேங்க் காலியென்றால் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். அமெரிக்காவிலிருந்து வரும் பொதுவான மீட்டர்களில் காலிக்கு 240, நிறைந்தால் 33. ஜெர்மனியின் வி.டி.ஓ கணக்கில் காலிக்கு 10, நிறைந்தால் 180. பார்க்க அச்சு அசலாக இருக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கி மாட்டினால், டேங்க் நிறையும்போது முள் காலியைக் காட்டும் கூத்தெல்லாம் நடக்கும். பற்றாக்குறைக்கு, பழைய கார்களில் 6 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு ரகம் வேறு!

மீட்டருக்குள்ளும் இரண்டு சாதி உண்டு. சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழுந்து, வளைவுகளில் ஆடினால் அது காந்தச் சுருள் ரகம். சோம்பல் முறித்தபடி மெதுவாக ஏறினால் அது வெப்பத்தில் வளையும் இரட்டை உலோகத் தகடு ரகம். ஸ்மித்ஸ் மீட்டர் பொருத்திய பல பிரிட்டிஷ் கார்களில் இந்த இரண்டாவது ரகத்தோடு, டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் இருக்கும். சுமார் 10 வோல்ட் மட்டும் மீட்டருக்குப் போகும்படி அது பார்த்துக்கொள்கிறது. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கிப் பொய் சொன்னால், குற்றவாளி மீட்டர் அல்ல, அந்தக் குட்டிப் பெட்டிதான். இது தெரியாமல் நல்ல மீட்டரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

இதைவிட எளிய குற்றவாளி, எர்த். டேங்கைக் கழற்றிப் புதிதாக பெயின்ட் அடித்து, புது ரப்பர் வாஷர் போட்டு மாட்டியிருப்பார்கள். டேங்குக்கும் பாடிக்கும் இருந்த மின் தொடர்பு போயிருக்கும். ஒரு துண்டு ஒயரில் முடிகிற வேலை இது. அனுபவமுள்ள மீட்டர் மெக்கானிக் முதலில் மல்டிமீட்டரை எடுத்து இதைத்தான் பார்ப்பார். டேங்க் மூடி திறந்திருக்கும்போது ஒயரை உரசிப் பார்க்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சரவணம்பட்டியிலிருந்து துடியலூர் ரோட்டில் திரும்பி, மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்தால் பெரியநாயக்கன்பாளையம். 1970-களின் நடுவில் 'பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ்' என்று தொடங்கி, இன்று 'பிரிக்கால்' என்று அறியப்படும் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. நாடு முழுக்க ஓடும் பைக், கார்களின் ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், டேங்க் யூனிட் தயாரிப்பில் பெரிய பெயர். மீட்டருக்குப் பேர் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மீட்டருக்காக அலைவது! ஆனால், தொழிற்சாலைகள் இன்றைய வண்டிக்குத்தான் ஓடும். அறுபது வருடத்துக்கு முந்தைய காருக்கு அங்கே அலமாரி இருக்காது.

அதனால் தேடல் பழைய இரும்புப் பக்கம் திரும்புகிறது. உக்கடம், சென்னை புதுப்பேட்டை, டெல்லி காஷ்மீரி கேட், மும்பை சோர் பஜார். ஃபியட்காரர்களுக்கு மும்பைதான் தாய்வீடு. பிரீமியர் பத்மினி பிறந்த குர்லா தொழிற்சாலையும் அங்கே, பல்லாயிரம் பத்மினி டாக்ஸிகள் ஓடிய தெருக்களும் அங்கே. 2023 அக்டோபரில் கடைசி பத்மினியும் டாக்ஸி வரிசையிலிருந்து விடைபெற்றுவிட்டது. உடைபடும் வண்டி குறையக் குறைய, கிடைக்கும் பாகமும் குறையத்தானே செய்யும்?

பழைய பாகம் வாங்குவதில் அனுபவசாலிகள் சொல்லும் முறை எளிது. டயலில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் பெயர், பின்பக்க எண், எத்தனை வோல்ட், டேங்க் யூனிட்டின் திருகுத் துளைகள் எத்தனை, கம்பியின் நீளம் எவ்வளவு என்பதையெல்லாம் போட்டோவோடு குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மிதவையை மேலும் கீழும் நகர்த்தி ஓம் அளவையும் எழுதிக்கொண்டால், பாதி ஏமாற்றம் தப்பும்.

ஆனால், பல நேரங்களில் புதிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. பித்தளை மிதவையில் ஊசித் துளை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கும். கழற்றி வெந்நீரில் அமுக்கினால் குமிழ் வரும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் பெட்ரோலைச் சொட்டு விடாமல் வெளியேற்றிய பிறகே பற்றவைக்க வேண்டும். மற்றபடி அரைமணி நேர வேலை. தேய்ந்த சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றுவது, வளைந்த முள்ளை நிமிர்த்துவது போன்ற வேலைக்கு இயந்திரம் வேண்டாம், பொறுமையான விரல்கள் போதும். மோட்டாரும் பம்பும் செய்தே வளர்ந்த ஊரில் கம்பி சுற்றத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-ல் ஒரே பஸ்ஸோடு தொடங்கி, தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல் செய்து பார்த்துக்கொண்ட ஜி.டி.நாயுடுவின் ஊரல்லவா! அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி கார் மியூசியத்துக்குப் போகிறவர்கள், அடுத்த முறை ஜன்னல் வழியாக டேஷ்போர்டையும் எட்டிப் பாருங்கள். உலகின் முதல் கார்களில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. ஃபோர்டு மாடல் டி-யில் சீட்டைத் தூக்கிக் குச்சி விட்டுத்தான் அளந்தார்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கூட 1960-களின் தொடக்கம் வரை மீட்டர் இல்லாமல், பைக் மாதிரி ரிசர்வ் லீவரோடுதான் ஓடியது.

புதுக் கவலை ஒன்றும் வந்திருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அந்தக் கால ரப்பரை ஊதவைக்கும். பழைய கார்கள் சிலவற்றில் மிதவை கார்க்கால் ஆனது, மேலே அரக்குப் பூச்சு. அரக்கோ எத்தனாலில் கரையும். பூச்சு போனால் கார்க் பெட்ரோலைக் குடித்து மூழ்கும். எனவே மிதவையை மாற்றுகிறவர்கள் பித்தளையோ, எத்தனால் தாங்கும் பிளாஸ்டிக்கோ பார்த்து வாங்குவது நல்லது. 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த வின்டேஜ் பதிவு விதி சேசிஸ், பாடி, இன்ஜினைத்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறது. மிதவையை மாற்றியதால் வின்டேஜ் தகுதி போய்விடாது.

எல்லாம் மாட்டியாகிவிட்டதா? கடைசியாக ஒரு வேலை. காலி டேங்க்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பழைய டேங்கின் வடிவத்தால் 'பாதி' என்று முள் காட்டும் இடம் பெரும்பாலும் பாதியாக இருக்காது. பண்ணாரியைத் தாண்டுவதற்கு முன் எடுத்துப் பார்க்க வேண்டிய சீட்டு அதுதான்.