தானாகப் போனவரும் அனுப்பப்பட்டவரும்

என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். ஹாஸ்டலில் ஃபேன் ரிப்பேர் என்றால் யாரும் ஸ்டூலைத் தேடுவதில்லை, என்னைத்தான் தேடுவார்கள்! இந்த உயரத்துக்காகவே முதலாம் ஆண்டில் சீனியர் அண்ணன்கள் என்னைப் பிடித்து இழுத்துப்போய், கூடைப்பந்துக் களத்தில் 'சென்டர்' என்று நிறுத்தினார்கள். அன்றிலிருந்து உலகத்து நெட்டையர்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள்.

போன மாதம் வேலைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். தேறிவிட்டேன். ஆனால் ஓசூர் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். அம்மா ஊரில் தனி. "கோயமுத்தூர் பக்கம் கெடைக்குமுங்களா சார்?" என்றேன். "அதை நாங்க சொல்லுவோம் தம்பி" என்றார் ஒருவர்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு ஏழடிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

1996 கோடை. ஆர்லாண்டோ அணியின் ஷகீல் ஓ'நீல் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆனார். அதாவது, எந்த அணி என்று அவரே முடிவு செய்யலாம். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் என்றார். 7 வருடத்துக்கு 12 கோடி டாலர்!

ஆனால் அங்கே அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இவருக்குக் கொடுக்க வேண்டுமானால் வேறொருவர் சம்பளம் கணக்கிலிருந்து கழிய வேண்டும். 1989 முதல் லேக்கர்ஸில் ஆடிய சென்டர், யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த விளாடே திவாட்ஸ். அவரை ஷார்லட் அணிக்குக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒப்பந்தமே போடாத பதினேழு வயதுப் பையனை வாங்கினார்கள். (பையன் பெயர் கோபி பிரையன்ட்!) இதுதான் 'ட்ரேட்'. ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்றார் திவாட்ஸ். பிறகு மனம் மாறிப் போனார்.

ஓ'நீலுக்கு 2000, 2001, 2002 என்று வரிசையாக மூன்று கோப்பை. எல்லோரும் பேசுவது அதைத்தான். எனக்கோ திவாட்ஸ் மேல்தான் கண். ஷார்லட்டில் இரண்டு சீசன் ஆடி முடித்தார். இப்போது முடிவு அவர் கையில்! 1999-இல் சாக்ரமென்டோ அணியில் சேர்ந்தார். 2002-இல் அந்த அணி இதே லேக்கர்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துப்போய்த் தோற்றது. தோற்றால் என்ன? அவருடைய 21-ஆம் எண் சட்டை இனி யாருக்கும் இல்லை என்று 2009-இல் அந்த ஊர் மரியாதை செய்தது.

இன்னொரு வேடிக்கை. 2004-இல் தன்னை மாற்றிவிடச் சொன்னார் ஓ'நீல். பேரம் பேசியது அணிகள். மூன்று ஆட்டக்காரர்களை வாங்கிக்கொண்டு அவரை மியாமிக்குக் கொடுத்தார்கள். அதே கோடையில், தன் விருப்பத்தில் லேக்கர்ஸுக்குத் திரும்பி வந்தவர் யார்? திவாட்ஸ்!

ஓசூருக்குப் போகிறேன். "அங்க குளிருமாமே கண்ணு" என்று அம்மா இப்போதே ஸ்வெட்டர் வாங்கி வைத்துவிட்டாள். இரண்டு வருட பாண்டு. முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஊர் என்று நான் சொல்லுவேன்.

ஃபேன் ரிப்பேருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்